குளிசை எண்ணுவதா மருந்தாளர் பணி?

அண்மைக் காலமாக எமது மருத்துவக் கல்வி வட்டாரங்களிலே 'நோயாளியை மையமாகக் கொண்ட பராமரிப்பு' என்னுந் தொடர் பெருவழக்காகி வருகின்றது. விரிவுரை மண்டபத்தில் அது முழங்குகின்றது. பாடத்திட்டத்தின் முகவுரையில் அதற்கு இடமுண்டு. பரீட்சைத் தாளில் அதன் வரைவிலக்கணத்தை எழுதி மாணவர் புள்ளி பெறுகின்றனர். நல்லதே. ஆயினும் ஒரு தொடர் பரீட்சையிற் சித்தியடைவது வேறு, வாழ்க்கையிற் சித்தியடைவது வேறு.

மருந்தாளராகப் பயிலும் மாணவருடன் சற்றுப் பேசிப் பாருங்கள். நோயாளியின் விருப்பையும் அச்சத்தையும் குடும்பச் சூழலையும் வருவாயையும் அறிந்து, அவரையும் பங்காளியாக்கிச் சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டும் என்று அவர் தடையின்றிக் கூறுவார். நீரிழிவு நோயாளிக்கு இது பொருந்துமா? பொருந்தும். இருதய நோயாளிக்கு? ஐயமென்ன. மனநோயாளிக்கு? இவ்விடத்திற் குரல் சற்றே தாழ்கின்றது. 'அது வேறு' என்ற பதில் வருகின்றது. இந்த 'அது வேறு' என்னும் இரண்டு சொற்களுக்கு எதிராகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

மனநோயாளரின் வாழ்விலே மருந்துச் சாளரம் பெற்றுள்ள இடத்தை முதலில் உணர்தல் வேண்டும். மனநோய் என்றால் அங்கொடையின் மதில்கள் என்றிருந்த காலம் ஒன்றுண்டு. 2005ஆம் ஆண்டில் அரசு ஏற்றுக்கொண்ட மனநலக் கொள்கை, நோயாளரைப் பெரிய ஆஸ்பத்திரிகளிற் குவித்து வைக்கும் முறையிலிருந்து விலகி, மாவட்டந்தோறும் சிகிச்சைப் பிரிவுகளை அமைத்து, மக்கள் வாழும் இடத்திலேயே பராமரிப்பை வழங்குவதைத் தன் நோக்கமாக வரித்துக்கொண்டது. இதன் விளைவு யாது? நோயாளி வீட்டில் வாழ்கிறார். மாதமொரு முறை கிளினிக்குக்கு வருகிறார். வைத்தியரைச் சில நிமிடங்கள் காண்கிறார். பின்னர் வரிசையில் நின்று, துண்டைக் கொடுத்து, மருந்தைப் பெற்றுக்கொண்டு பஸ் ஏறுகிறார். அடுத்த முப்பது நாட்களுக்கும் அவருக்கு அரணாக இருப்பவை அந்தக் காகித உறைகளுள் உள்ள குளிசைகளே. அவற்றைக் கையளிப்பவர்தாம் சிகிச்சைச் சங்கிலியின் இறுதி மனிதர். அவரும் வாய் திறவாவிடின், அதன்பின் வாய் திறப்பதற்கு எவருமில்லை.

இனி, மாணவரிடையே வழங்கும் கருத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

'அவர்களுக்கு விளங்காது, கூட வந்தவரிடம் சொன்னாற் போதும்' என்பது முதலாவது கருத்து. மனநோய் என்பது ஒரே நிலையில் உறைந்து கிடக்கும் பொருளன்று. அது கூடும், குறையும். பலருக்கு நெடுங்காலம் அடங்கியும் இருக்கும். மாதக் கிளினிக்குக்கு வருவோரிற் பெரும்பாலோர் தோட்டஞ் செய்கின்றனர், தையல் தைக்கின்றனர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். பஸ் கட்டணத்தை எண்ணிக் கொடுத்து ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும் ஒருவரை, மருந்துச் சாளரத்தை அடைந்ததும் திடீரென அறிவற்றவராக்கி, அவருடைய தலைக்கு மேலாக மைத்துனரோடு பேசுவது எந்த விஞ்ஞானத்தின் பாற்பட்டது? குடும்பத்தின் துணை வேண்டியதே. அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் கூட வருபவர் எப்போதும் துணைவராகவே இருப்பதில்லை. மனைவியின் நோயைச் சாட்டாக வைத்து அவள் பெயரிலுள்ள காணியைக் கைப்பற்ற நினைக்கும் கணவனும் கூட வரலாம். அவனிடம் மட்டும் பேசிவிட்டு 'நோயாளியை மையப்படுத்தினோம்' என்று எழுதிக்கொள்வது நகைப்புக்கிடமாகாதா?

'அது டொக்டரின் வேலை. அவர் சொல்லியிருப்பார்' என்பது இரண்டாவது கருத்து. தொழில்களுக்கிடையே எல்லை பேணும் அடக்கம் போல இது தோன்றும். உண்மையில் இது பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் தந்திரமேயாகும். லிதியத்தை எடுத்துக்கொள்வோம். 1949இல் அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் அதன் பயனை எடுத்துக் காட்டிய நாள் முதல், உச்சக் களிப்பும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் நோயிலே எத்தனையோ உயிர்களைக் காத்த மருந்து அது. ஆனால் அதன் நன்மைக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள வரம்பு மிக ஒடுங்கியது. இரத்தத்தில் லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கையில் அது மருந்து, 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்குகின்றது. உடலில் உப்பும் நீரும் குறையும்போது சிறுநீரகம் லிதியத்தை வெளியேற்றாது பிடித்து வைத்துக்கொள்கிறது. டைக்குளோபினாக், இபுபுறோபன் போன்ற நோக் குளிசைகளும் அதே வேலையைச் செய்கின்றன.

இப்போது ஒரு வெங்காயத் தோட்டக்காரரை எண்ணிப் பாருங்கள். பங்குனி வெயிலில் நாள் முழுவதும் வியர்த்து உழைக்கிறார். முதுகு நோகிறது. சந்தியிலுள்ள பாமசியில் டைக்குளோபினாக் வாங்கி விழுங்குகிறார். அல்லது கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உப்பில்லாது, ஒருவேளை உணவுமில்லாது விரதமிருக்கும் ஒரு தாயாரை எண்ணிப் பாருங்கள். இருவரும் லிதியம் உட்கொள்பவர்கள். சில நாட்களிற் கை நடுங்கும், வாந்தியும் வயிற்றோட்டமும் தோன்றும், நடை தள்ளாடும், நாக்குளறும். அயலவர் என்ன சொல்வர்? முன்னவரைக் குடித்துவிட்டார் என்பர். பின்னவருக்கு நோய் திரும்பிவிட்டது என்பர். நடந்ததோ மருந்து நஞ்சானது! வைத்தியர் கிளினிக்கில் ஒரு முறை எச்சரித்தும் இருக்கலாம். ஆனால் தோட்டக்காரர் நோக் குளிசை வாங்கிய அந்த வேளையிலே, எதிரே நின்றவர் மருந்தாளர். 'வேறு மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ அண்ணை?' என்ற ஒரு கேள்வி, அதைத் தொடர்ந்து 'அப்படியெண்டால் இது வேண்டாம், பனடோலோடை சமாளியுங்கோ' என்ற ஒரு பதில். இவ்வளவும் டொக்டரின் வேலையா?

குளோசபின் என்னும் மருந்தின் கதை இதனினும் கூர்மையானது. வேறு மருந்துகளாற் குணங் காணாத உளப்பிளவு நோயாளருக்கு அது பெருந்துணை. ஆயினும் 1975இல் பின்லாந்திலே அம்மருந்தால் இரத்தத்தின் வெண்கலங்கள் அழிந்து பலர் மாண்டதனாற் பல நாடுகள் அதை ஒதுக்கின. இரத்தப் பரிசோதனை என்ற காவலோடு 1989இல் அமெரிக்கா அதற்கு அனுமதி வழங்கியது. முதற் பதினெட்டு வாரங்களும் வாரந்தோறும் பரிசோதனை என்பது பல நாடுகளின் நடைமுறையாயிற்று. காய்ச்சலும் தொண்டை நோவும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும் என்பதை இம்மருந்தை உட்கொள்பவர் அறிந்திருத்தல் அவசியம். சாதாரண மலச்சிக்கல் என்று பிறர் அலட்சியஞ் செய்வதும் இம்மருந்தோடு சேர்ந்தால் உயிரைக் குடிக்கும். இன்னொன்று: புகையிலைப் புகை இம்மருந்தை உடலில் விரைவாகச் சிதைக்கின்றது. நாள்தோறும் சுருட்டுப் பிடித்தவர் திடீரென அதை விட்டுவிட்டால், அதே அளவு குளிசையே அவருக்கு மிகையாகிவிடும். ஆகவே 'சுருட்டுப் பிடிப்பீர்களா? அதை விட எண்ணுகிறீர்களா?' என்ற கேள்வி ஊர்வம்பு அல்ல, மருந்தியலின் கேள்வி. அதற்கு விடை பாடநூலில் இல்லை. நோயாளியிடமே உள்ளது. அவரோடு பேசாமல் இம்மருந்தைப் பாதுகாப்பாக வழங்கலாம் என்று எண்ணும் மாணவர், தாம் கற்ற மருந்தியலையே முழுமையாகக் கற்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

'அவர்கள் ஆபத்தானவர்கள், எப்போது என்ன செய்வார்கள் என்று தெரியாது' என்பது மூன்றாவது கருத்து. எமது மாணவருக்கு மட்டும் உரிய நோய் இதுவென்று கூறுவது அநீதியாகும். அவுஸ்திரேலியா, பெல்ஜியம், எஸ்தோனியா, பின்லாந்து, இந்தியா, லத்வியா ஆகிய ஆறு நாடுகளின் மருந்தாளர் மாணவரிடையே நடத்தப்பெற்று 2010இல் வெளியான ஆய்வொன்று, உளப்பிளவு நோயாளரிடமிருந்து விலகி நிற்கும் மனோபாவம் எல்லா நாட்டு மாணவரிடமும் உண்டு என்றும், அந்நோயாளரைப் பற்றிய அச்சுப்பதிந்த எண்ணங்களோடு அது பிணைந்திருக்கின்றது என்றும் காட்டியது. உண்மை நிலையோ அவ்வெண்ணங்களுக்கு நேர்மாறானது. கடும் மனநோயுடையோர் பிறரைத் தாக்குவதிலும் பார்க்கப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம் என்பது பலமுறை நிறுவப்பட்ட செய்தி. தெருவிற் கல்லெறி படுபவர் அவரே. அறையிற் பூட்டப்படுபவர் அவரே. கூலி ஏமாற்றப்படுபவரும் அவரே. ஆபத்தில் இருப்பவரை ஆபத்தானவர் என்று அழைக்கும் சமுதாயத்தின் சொல்லை, விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஆராயாமல் ஏற்பது வெட்கத்துக்குரியது.

'நேரமில்லை' என்பது நான்காவது கருத்து. நான்கினுள்ளும் நேர்மையானது இதுவே. கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி மருந்தகத்தின் முன் நிற்கும் வரிசையைக் கண்ட எவரும் இதனை மறுக்கத் துணியார். கைகள் எண்ணிக்கொண்டேயிருக்க, வாய் 'காலமை ஒண்டு, இரவு இரண்டு' என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த துண்டு நீட்டப்படுகின்றது. இந்நிலையில் நின்று பணியாற்றுபவரைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. நாம் கேட்பது வேறு: இந்த நேரமின்மை வானத்திலிருந்து விழுந்ததா? போதிய பதவிகளை உருவாக்காத நிர்வாகம், மருந்தாளரைக் குளிசை எண்ணும் இயந்திரமாகக் கருதும் அமைப்பு, மனநோயாளரின் நேரத்துக்கு மதிப்பில்லை என்ற எழுதாத விதி ஆகிய யாவும் சேர்ந்தே அதை உண்டாக்கின. நேரமில்லை என்று சொல்லி ஓய்பவர், நேரம் வேண்டும் என்று குரலெழுப்பியதுண்டா? பின்னையதைச் செய்யாதவரின் முன்னைய கூற்று வெறுஞ் சாட்டாகவே முடிகின்றது.

இக்கருத்துக்கள் மாணவரின் உள்ளத்தில் தாமாக முளைத்தவையல்ல. 1873இல் குடியேற்ற ஆட்சி இயற்றிய பைத்தியக்காரர் கட்டளைச் சட்டம், நோயாளரை எவ்வாறு அடைத்து வைப்பது என்பதையே முதன்மையாகக் கருதிற்று. அச்சட்டத்தின் நிழலில் எழுந்த மதில்கள் மக்களின் மொழிக்குள்ளும் எழுந்தன. 'உன்னை அங்கொடைக்கு அனுப்ப வேணும்' என்று கொழும்பிலும், 'மந்திகைக்குக் கொண்டுபோக வேணும்' என்று யாழ்ப்பாணத்திலும் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்து வளர்கின்றனர். நோயாளரைக் காக்கும் ஆஸ்பத்திரிகளின் பெயர்களே வசைச் சொற்களாகிவிட்டன. அப்பிள்ளைகளே பின்னர் பல்கலைக்கழகம் புகுந்து மருந்தாளர் மாணவராகின்றனர். அங்கே அவர்களுக்கு என்ன கற்பிக்கப்படுகின்றது? மூளைக் கலங்களில் மருந்து எங்கே சென்று பற்றுகின்றது என்பது ஆங்கிலத்தில், படத்தோடு, நன்றாகவே கற்பிக்கப்படுகின்றது. அம்மூளைக்குச் சொந்தக்காரரான மனிதரோடு எவ்வாறு பேசுவது என்பதற்கு, தமிழிலோ சிங்களத்திலோ, எத்தனை மணி நேரம் ஒதுக்கப்படுகின்றது? பழைய அச்சத்தின் மீது புதிய கலைச்சொற்களைப் பூசிவிட்டால் அது அறிவாகிவிடாது.

கலைச்சொல் என்றதும் ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. மருந்தை நிறுத்திவிட்ட நோயாளிக்கு 'நொன்-கொம்ப்ளையன்ற்' என்ற பட்டம் சூட்டப்படுகின்றது. அதாவது, இணங்க மறுத்தவர், கட்டளையை மீறியவர். உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயுடையோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர்தாம் மருந்தைச் சொன்னபடி உட்கொள்கின்றனர். நீரிழிவுக்காரரும் நிறுத்துகின்றார், இரத்த அழுத்தக்காரரும் நிறுத்துகின்றார். அவர்களைப் பற்றி 'மறந்துவிட்டார், பாவம்' என்கிறோம். மனநோயாளி நிறுத்தினாலோ 'விசர் கூடிவிட்டது' என்கிறோம். அவர் ஏன் நிறுத்தினார் என்று கேட்டவர் யார்? விடியுமுன் கடலுக்குச் செல்லும் மீனவருக்கு, முதல் நாளிரவு உட்கொண்ட குளிசையின் தூக்க மயக்கம் வள்ளத்திலே உயிராபத்து. ஒலன்சபீன் உட்கொள்ளும் இளம் பெண்ணின் உடல் சில மாதங்களிற் பருத்துவிடுகின்றது. அவளைப் பெண் பார்க்க வருபவர் அதைத்தான் முதலிற் காண்கின்றனர். புதிதாக மணஞ் செய்த வாலிபருக்கு மருந்தினால் ஆண்மை குன்றுகின்றது. சோர்வு நோய்க்குரிய மருந்தோ பயன் தருவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் எடுக்கும். குமட்டல் மட்டும் முதல் நாளே வந்துவிடும். இதனை முன்கூட்டிச் சொல்லாவிடில் நான்காம் நாளே குளிசை குப்பைக்குப் போகும். கருவுறும் வயதுடைய பெண்ணுக்குச் சோடியம் வல்ப்ரோயேற் கொடுக்கப்படுமாயின், கருவிலுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று பிறவிக் குறையோடு பிறக்கும் என்பதை அறியும் உரிமை அவளுக்கே முதலில் உண்டு. இவையெல்லாம் பின்னால் இருபது பேர் காது கொடுத்து நிற்க, இரும்புக் கம்பிச் சாளரத்தின் வழியே உரக்கப் பேசக்கூடிய செய்திகளா? வாலிபர் தம் குறையை அங்கே சொல்ல மாட்டார். குளிசையைத்தான் நிறுத்துவார். அவர் நிறுத்தியது பகுத்தறிவற்ற செயலன்று. பேசுவதற்கு இடந்தராத அமைப்புக்கு அவர் அளித்த மௌனமான பதில்.

இங்கே அன்பு பற்றிய உபதேசிகள் குறுக்கிடுவர். மாணவரின் உள்ளத்தில் இரக்கம் வளர வேண்டும், எல்லாஞ் சரியாகிவிடும் என்பர். இரக்கம் தீயதன்று. ஆனால் இரக்கங் காட்டுபவர் மேலே நிற்கிறார்; அதைப் பெறுபவர் கீழே நிற்கிறார். மனநோயாளர் கேட்பது தருமமன்று. தம் உடலுட் செல்லும் பொருள் யாது, அது என்ன செய்யும், அதற்கு மாற்றுண்டா என்று அறியும் உரிமையையே கேட்கின்றனர். மறுபுறத்தில் வியாபாரிகள் வருவர். நோயாளி இனி நோயாளியல்லர், வாடிக்கையாளர். வாடிக்கையாளரை மையப்படுத்துவோம் என்பர். பணமுள்ளவருக்குக் குளிரூட்டிய அறையில் ஆலோசனையும், இல்லாதவருக்கு வெயிலில் வரிசையும் என்பதே அதன் பொருள். உபதேசியும் வியாபாரியும் வேறு வேறு வாசல்களால் நுழைந்தாலும், இருவரும் உரிமை என்னுஞ் சொல்லைக் கவனமாகத் தவிர்த்துக்கொள்கின்றனர்.

இந்நாட்டு மருந்தாளர் மாணவர் வழிகாட்டி தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பேராதனையில் மருந்தியற் பேராசிரியராக விளங்கிய சேனக பிபிலே, வணிகப் பெயர்களின் மாயையைக் கிழித்து, மருந்தை அதன் உண்மைப் பெயரால் வாங்கி மக்களுக்கு மலிவாக வழங்கலாம் என்று நிறுவினார். 1971இல் அமைந்த அரச மருந்துக் கூட்டுத்தாபனம் அந்தச் சிந்தனையின் பயனே. பெரும் மருந்துக் கம்பனிகளின் பகையைச் சம்பாதித்த அவர் 1977இல் கயானாவிலே காலமானார். ஏழைக்கும் மருந்து கிடைக்க வேண்டும் என்பது அவர் தொடங்கிய போராட்டம். அது முடிந்துவிடவில்லை, 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுகள் வெறுமையானதை நாடு கண்டது. ஆயினும் மருந்து கையிற் கிடைப்பதோடு உரிமை நிறைவடைவதில்லை. எதைப் பெறுகிறோம் என்று அறியாமல் பெறுபவர் பாதி உரிமையையே பெறுகிறார். மருந்தின் மீதான உரிமையோடு மருந்தைப் பற்றிய அறிவின் மீதான உரிமையையும் இணைப்பதே இத்தலைமுறை மருந்தாளரின் வரலாற்றுக் கடமை. அவ்வுரிமை முதலிலே மறுக்கப்படுவது மனநோயாளருக்கே ஆதலின், போராட்டமும் அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும்.

செய்ய வேண்டியவை எவை? முதலாவதாக, நோயிலிருந்து மீண்டவர்களும் நோயோடு வாழ்பவர்களும் விரிவுரை மண்டபத்துக்குள் ஆசிரியர்களாக வரவேண்டும். இது கற்பனையன்று. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் மனநோய் அனுபவமுள்ளோரே மருந்தாளர் மாணவருக்குப் பாடம் நடத்தினர். அதன்பின் மாணவரின் வெறுப்பும் விலகலும் குறைந்தமை 2010இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. நூறு உபதேசம் செய்யாததை, நோயை வென்று நிற்கும் ஒரு மனிதரோடு நேருக்கு நேர் பேசும் ஒரு மணி நேரம் செய்கின்றது. இரண்டாவதாக, மாணவரின் பயிற்சிக் காலத்தில் மனநலப் பிரிவிலும் வெளிநோயாளர் கிளினிக்கிலும் கட்டாயமாகப் பணியாற்றும் வாரங்கள் இருக்க வேண்டும். நோயாளரோடு அவர்தம் மொழியிலே உரையாடுவதும் பரீட்சைக்குரிய பாடமாக வேண்டும். மூன்றாவதாக, மருந்து உறையில் எழுதப்படுவது அதை வாசிப்பவரின் மொழியில் இருக்க வேண்டும். மலைநாட்டுத் தோட்டத்துத் தாயொருத்தி தன் மகனுக்குரிய குளிசையின் வேளையை அறிவதற்கு அயலவரிடம் உறையைக் காட்ட நேர்ந்தால், மகனின் நோயையும் சேர்த்தல்லவா காட்ட நேர்கின்றது? நான்காவதாக, மனநலக் கிளினிக் நடைபெறும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் மருந்தாளர் நோயாளரோடு அமர்ந்து பேசுவதற்கு மறைவான ஓரிடமும், அப்பணிக்கென ஒரு பதவியும் வேண்டும். ஒரு மேசை, இரண்டு கதிரைகள், ஒரு திரைச்சீலை ஆகியவற்றுக்கு இந்நாட்டில் வக்கில்லை என்று எவரும் சொல்ல முடியாது. பதவிக்குப் பணம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் மருந்து விளங்காமல் நிறுத்தியவர் மீண்டும் நோயுற்று வாரக்கணக்கில் விடுதியிற் கிடக்கும் செலவை யார் கொடுக்கின்றனர்? அதுவும் இந்நாட்டு மக்களின் பணமே.

இக்கோரிக்கைகளை முன்வைக்க வேண்டியவர்கள் மாணவரே. 'அது வேறு' என்று ஒதுங்கும் வரை அவர்கள் தமது தொழிலையும் சேர்த்தே தாழ்த்திக்கொள்கின்றனர். பேசத் தேவையில்லாத நோயாளருக்குப் பேசத் தேவையில்லாத மருந்தாளர் போதும். பேசத் தேவையில்லாத மருந்தாளருக்கோ ஓர் எண்ணும் இயந்திரமே போதும். அத்தகைய இயந்திரங்கள் உலகில் ஏற்கெனவே விற்பனைக்கு வந்துவிட்டன. மனநோயாளரின் வாயடைக்கும் அமைப்பே மருந்தாளரின் வாயையும் அடைக்கின்றது என்பதை மாணவர் உணரும் நாளில், சாளரத்தின் இரு புறமும் நிற்பவர்கள் ஒரே பக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதும் விளங்கும். ஆசிரியர்கள் அதை வகுப்பறையில் விளங்க வைக்கட்டும். மாணவர் சங்கங்கள் அதைத் தமது கோரிக்கைப் பட்டியலில் எழுதட்டும்.